பருவநிலை மாற்றமும் நாட்டின் பாதுகாப்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கடல் மட்டம் உயர்வதும் மழை பொய்ப்பதும் சுற்றுச்சூழல் துறையின் பொறுப்புதானே? பாதுகாப்பு அமைச்சகங்கள் இதில் ஏன் அக்கறை காட்டுகின்றன?

பதில்: முதலில் தம் சொத்தைக் காத்துக்கொள்வதற்காக. 2018 அக்டோபரில் வீசிய மைக்கேல் சூறாவளி, ஃபுளோரிடாவிலுள்ள டின்டால் விமானப்படைத் தளத்தைச் சிதைத்துவிட்டது. அடுத்தது, வறட்சியும் விளைச்சல் குறைவும் ஏற்கெனவே தளர்ந்துபோன நாடுகளின் பூசல்களை மேலும் மூட்டிவிடும் என்ற கணிப்பு. அமெரிக்காவின் ஓய்வுபெற்ற தளபதிகள் 2007இல் வெளியிட்ட அறிக்கையொன்று பருவநிலை மாற்றத்தை ‘அச்சுறுத்தலைப் பெருக்கும் காரணி’ என்று குறிப்பிட்டது; அதன்பின் பல அரசுகளின் ஆவணங்களில் அந்தத் தொடரே நிலைத்துவிட்டது.

கேள்வி: சிரியப் போருக்கு வறட்சிதான் காரணம் என்கிறார்களே?

பதில்: அவ்வாறு சொல்வதை நான் ஏற்பதில்லை. போருக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே கடும் வறட்சி நிலவியதும், உழவர் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பெயர்வுக்கும் கிளர்ச்சிக்கும் இடையே எவ்வளவு தொடர்பு உண்டு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள். மானியக் குறைப்பையும் நீர் நிர்வாகச் சீர்கேட்டையும் அடக்குமுறையையும் விட்டுவிட்டு வானத்தின் மேல் பழி போடுவது ஆட்சியாளர்களுக்கு மிகவும் வசதியானது.

கேள்வி: பருவநிலை மாற்றத்தைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவும் பார்க்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் வந்த தீர்மானத்தை இந்தியா எதிர்த்தது ஏன்?

பதில்: அந்த அவையில் முதல் விவாதம் பிரிட்டனின் முயற்சியால் 2007 ஏப்ரலில் நடந்தது. 2021 டிசம்பர் 13 அன்று அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானத்தை 15 உறுப்பினர்களில் 12 பேர் ஆதரித்தும், ரஷ்யாவின் வீட்டோ அதை வீழ்த்தியது. இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது, சீனா விலகி நின்றது. பருவநிலை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் எல்லா நாடுகளுக்கும் குரல் உண்டு, ஐந்து நாடுகளுக்கு வீட்டோ உள்ள அவைக்கு இதை மாற்றினால் வளர்ந்த நாடுகளின் வரலாற்றுப் பொறுப்பும் நிதி வாக்குறுதிகளும் பின்னுக்குப் போய்விடும் என்பது இந்தியாவின் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன். ஆயினும், பாதுகாப்பு என்ற சொல்லை விரும்புவோர் வல்லரசுகள் மட்டுமல்லர். பசிபிக் தீவு நாடுகள் 2018இல் ஏற்ற ‘போய்’ (Boe) என்ற பெயருடைய பிரகடனம், தங்கள் மக்களின் வாழ்வாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் பருவநிலை மாற்றமே தனிப்பெரும் அச்சுறுத்தல் என்கிறது. அவர்கள் பேசுவது படைத்தளங்களைப் பற்றியன்று, காலடி மண்ணைப் பற்றி. ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு பொருள்களும் இருப்பதால்தான் விவாதம் அடிக்கடி திசைமாறுகிறது.

கேள்வி: படைகளே ஏராளமாக எரிபொருளை எரிக்கின்றனவே, அந்தக் கணக்கு எங்கே?

பதில்: பெரும்பகுதி கணக்கிலேயே வருவதில்லை. புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைப்பதற்காக நடந்த 1997 கியோட்டோ பேச்சுகளில் அமெரிக்காவின் வற்புறுத்தலால் வெளிநாட்டு இராணுவ நடவடிக்கைகள் பலவற்றுக்கு அந்தக் கணக்கிலிருந்து விலக்குக் கிடைத்தது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகும் இராணுவ உமிழ்வைத் தனியே அறிவிப்பது அரசுகளின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.