தொழில்நுட்பம் நம் வாழ்க்கையை மாற்றுகிறதா, நம் வாழ்க்கை தொழில்நுட்பத்தை மாற்றுகிறதா?

இரண்டும்தான். ஆனால் இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. நம் வீட்டு மிக்ஸியையும் கிரைண்டரையும் பார்த்தாலே அது புரிந்துவிடும்.

1960-களின் தொடக்கத்தில் மாதுரி மாத்தூர் என்பவர் வீட்டில் பிரவுன் (Braun) என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மிக்ஸர் ஒன்று இருந்தது. ஐரோப்பியச் சமையலுக்கென்று செய்தது. தேங்காய், காய்ந்த மிளகாய், ஊறிய பருப்பு என்று நாம் போட்டு அரைப்பதை அது எப்படித் தாங்கும்? பழுதாகி நின்றுவிட்டது. அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். நம் சமையலுக்குத் தாங்குகிற மோட்டாரோடு அவர் உருவாக்கிய சுமீத் மிக்ஸி 1963-ல் விற்பனைக்கு வந்தது.

இட்லி மாவுக்கு மிக்ஸியும் சரிப்படாது. பிளேடு வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும், உளுந்து பொங்கி வராது. கல்தான் வேண்டும். எங்கள் அம்மா அரைத்த உளுந்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதந்தால்தான் கிரைண்டரை நிறுத்துவார். இந்தப் பக்குவத்தை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லாததால், மின்சாரம் வந்தும் கல் போகவில்லை. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் அசையாது. 1950-களில் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கிய கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நின்ற இடத்தில் நிற்கும். மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்த கையின் வேலையை ஒரு தகடு பார்த்துக்கொள்ளும்.

அது கோவையில் பிறந்ததும் தற்செயல் இல்லை. பஞ்சாலைகள், கிணற்றுப் பாசனத்துக்கான பம்புசெட்டுகள், வார்ப்படப் பட்டறைகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. கிரைண்டருக்கான கல் கிடைக்கும் ஊத்துக்குளியும் பக்கத்திலேயே.

எனக்கு உறுத்துவது வேறொன்று. கோவையில் மோட்டார் தயாரிப்பு 1930-களிலேயே தொடங்கிவிட்டது. தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டும் என்று உடனே தோன்றியது. மாவாட்டவும் வேண்டும் என்று தோன்ற இவ்வளவு காலம் ஆனதற்கு, அது பெண்கள் கூலியில்லாமல் செய்த வேலை என்பது முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைப்பது கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். தோள் கடுக்க மாவாட்டுவதை யாரும் ஒரு பிரச்சினையாகவே எண்ணவில்லை. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது 'இலவசம்' என்று கேலி பேசியவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்?

அப்புறம் குடும்பம் சுருங்கியது, வீடு அடுக்குமாடிக்குப் போனது, கிரைண்டரும் மேடைமேல் வைக்கிற அளவுக்குச் சிறுத்தது. இப்போது கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற பல வீடுகளில் அதையும் எடுப்பதில்லை. தெருமுனைக் கடையில் பெரிய கிரைண்டர் ஓடுகிறது, மாலையில் மாவு பாக்கெட் வாங்கிக்கொள்கிறார்கள்.