சர்வரில் சி டிரைவ் நிறைந்துவிட்டதா? மறைந்திருக்கும் கோப்புகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்கள் விண்டோஸ் சர்வரில் சி டிரைவ் 100 ஜிபி. எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து அளவு பார்த்தால் 60 ஜிபிதான் வருகிறது. டிரைவில் மிச்சம் 3 ஜிபி என்று காட்டுகிறது. மற்றதெல்லாம் எங்கே போனது?

பதில்: எங்கேயும் போகவில்லை தம்பி, கண்ணில் படாமல் அங்கேயேதான் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் வியூ அமைப்பில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை' என்று இன்னொரு டிக் இருக்கும், அதையும் எடுங்கள். பேஜ்ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு), ஹைபர்ஃபைல் (தூங்க வைக்கும்போது நினைவகத்தில் இருப்பதைச் சேமிக்கும் கோப்பு), சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டர் மூன்றும் வெளியே வரும்.

உங்கள் கணக்கு இடிப்பதைப் பார்த்தால் எனக்கு மூன்றாவதன் மேல்தான் சந்தேகம். அட்மினிஸ்ட்ரேட்டருக்கே அந்த ஃபோல்டர் திறக்காது. அதனால் அளவு பூஜ்யமாகத் தெரியும். ஷேடோ காப்பிகள், அதாவது டிரைவின் முந்தைய நிலையை விண்டோஸ் எடுத்துவைக்கும் பிரதிகள், இருப்பது அதற்குள்தான். அட்மினாக கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, விஎஸ்எஸ்அட்மின் கட்டளையால் 'ஷேடோ ஸ்டோரேஜ்' பட்டியலைப் பாருங்கள். உச்ச அளவு என்ற இடத்தில் 'அன்பவுண்டட்' (வரம்பே இல்லை) என்றிருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். அதே கட்டளையின் ரீசைஸ் மூலம் 10 ஜிபி என்று வரம்பு வைக்கலாம். வரம்பைக் குறைத்ததும் பழைய காப்பிகள் அழிந்துவிடும், திரும்ப வராது. பேக்கப் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பேஜ்ஃபைல் மட்டும் 32 ஜிபி. டெலீட் செய்யலாமா சார்?

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு, டெலீட் ஆகாது. வேறு டிரைவுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யலாம். ஆனால் சி-யில் சிறியதாக ஒன்றையாவது விட்டு வையுங்கள். தனி டம்ப் ஃபைல் (சிஸ்டம் நின்றுபோன நேரத்தில் நினைவகத்தில் இருந்ததன் பதிவு) ஏற்பாடு இல்லாதபோது, ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் டம்ப் எழுத அதுதான் வேண்டும். ஹைபர்ஃபைல் இருந்தால் தயங்க வேண்டாம், சர்வரைத் தூங்க வைக்கப் போவதில்லையே. பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் அந்தக் கோப்பு உடனே மறைந்துவிடும்.

கேள்வி: வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் 18 ஜிபி காட்டுகிறது. பழைய கோப்புகளைக் கையாலேயே எடுத்துவிடவா?

பதில்: வேண்டாம், விண்டோஸின் சொந்தப் பாகங்களும் அப்டேட்களும் இருக்கும் இடம் அது; சர்வர் பூட் ஆகாமலே போகலாம். அந்த 18 ஜிபியும் உண்மைக் கணக்கு இல்லை. அங்கிருக்கும் பல கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பவைதான். ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் பெயர்) என்பதால் ஒரே கோப்பை எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணுகிறது. டிஸ்ம் கட்டளையில் 'அனலைஸ் காம்போனன்ட் ஸ்டோர்' போட்டால் நிஜ அளவும், சுத்தம் செய்வது தேவையா என்பதும் தெரியும். தேவை என்றால் 'ஸ்டார்ட் காம்போனன்ட் க்ளீனப்' போதும். கூடவே 'ரீசெட் பேஸ்' சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும், ஆனால் அதுவரை போட்ட அப்டேட் எதையும் பின்னர் நீக்க முடியாது. அப்டேட் போட்ட அதே வாரத்தில் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் டெம்ப் ஃபோல்டரில் 'கேப்' என்று தொடங்கும் கோப்புகள் குவிகின்றன. அழித்தாலும் மறுபடி வருகின்றன.

பதில்: இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை அத்தனையையும் துடைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலையில் டிரைவ் மறுபடி சிவப்பு. ஒரே மாதிரிப் பெயரில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் நூறு எம்பிக்கு மேல்.

மூலம் டெம்ப்பில் இல்லை; விண்டோஸ் லாக்ஸ் ஃபோல்டருக்குள் சிபிஎஸ் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே பாருங்கள். அப்டேட் வேலைகளின் லாக் அங்கே எழுதப்படும். பெரிதானால் விண்டோஸ் அதை மேக்கேப் என்ற சுருக்கும் கருவி கொண்டு சுருக்கும். லாக் 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் மேக்கேப்பால் முடியாது. பாதியில் தோற்று, அரைகுறைக் கோப்பை டெம்ப்பில் விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து முயலும். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை நிறுத்துங்கள், அந்தப் பெரிய லாகை வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள். அப்புறம் டெம்ப்பைத் துடைத்தால் திரும்ப வராது.

கேள்வி: விண்டோஸுக்குள் மறைந்திருந்த இன்ஸ்டாலர் ஃபோல்டரில் பாதியை அழித்துவிட்டேன். எல்லாம் ஓடுகிறது. பரவாயில்லையா?

பதில்: இன்று ஓடும். ஏதாவது மென்பொருளை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது நின்றுவிடும். அந்தக் கோப்புகள் அந்தந்த சர்வருக்கே உரியவை, பக்கத்து சர்வரிலிருந்து நகலெடுத்தால் பொருந்தாது. அழிப்பதற்கு முந்தைய பேக்கப் இருந்தால் அது காலாவதியாகும் முன் அந்த ஃபோல்டரை இன்றே மீட்டெடுங்கள்.