நாலு ஜிபிக்குள் லினக்ஸ்: வந்த கேள்விகளும் பதில்களும்

கே: பழைய ஈ பிசி 701 (ஆசுஸின் குட்டி லேப்டாப்) கையில் சிக்கியது. 4 ஜிபி டிஸ்க். எதைப் போடலாம்?

ப: 2007 மாடல், 32 பிட் செலரான், 512 எம்பி ராம். டெபியன் 13 லினக்ஸில் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே இல்லை, தேடி அலையாதீர்கள். ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸைப் போடுங்கள். இல்லையென்றால் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸின் கோர் (வெறும் அடிப்படை) பதிப்பை ஏற்றி, வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கூடவே வந்த ஜான்ட்ரோஸ் லினக்ஸை வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். அதில் சிஸ்டம் ஒரு ரீட்-ஒன்லி பார்ட்டிஷனில் இருக்கும், உங்கள் மாற்றமெல்லாம் அதன்மேல் போர்த்திய யூனியன்எஃப்எஸ் என்ற மேலடுக்கில் போய் உட்காரும். அப்டேட் செய்தால் பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். அன்இன்ஸ்டால் செய்தாலும் இடம் திரும்பாது.

கே: ஆகச் சிறிய லினக்ஸ் எது?

ப: புழக்கத்தில் உள்ளதில் டைனி கோரைச் சொல்லலாம். இருபது எம்பி சொச்சம். ராமில் ஓடுவது, ஆகவே பேக்கப் கொடுக்காமல் அணைத்தால் அன்றைய செட்டிங் அன்றோடு சரி.

கே: டிஸ்க் ஃபுல் என்று வருகிறது. என்ன செய்ய?

ப: எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை)? எத்தனை ஜிபி? எந்தப் பார்ட்டிஷன்? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். டிஎஃப் (மீதி இடம் காட்டும்), டியூ (ஃபோல்டர் பிடித்த இடம் காட்டும்) கட்டளைகள் இரண்டையும் ஓட்டி, வந்ததை அப்படியே அனுப்புங்கள். அளக்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

கே: டிஎஃப் பார்த்தால் பாதி இடம் காலி. ஆனாலும் இடமில்லை என்கிறதே?

ப: ஐநோடு, அதாவது ஃபைலுக்கு ஒன்று வீதம் வேண்டிய பதிவுக் கட்டம், தீர்ந்திருக்கும். அதே டிஎஃப்பை ஐ சுவிட்சோடு (-i) ஓட்டிப் பாருங்கள். இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு ஒதுக்கும். 4 ஜிபிக்குச் சுமார் இரண்டரை லட்சம். கர்னல் (லினக்ஸின் மையப் புரோகிராம்) ஹெடர் மாதிரி பொடிப்பொடி ஃபைல்கள் அதைத் தின்றுவிடும். ஃபார்மட்டின்போது வைத்த எண்ணிக்கைதான், பிறகு கூட்ட முடியாது.

கே: 8 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த ஃபிளாஷ் டிஸ்க்). ஒரு வழிகாட்டியைப் பார்த்து ரூட், பூட், வார், டெம்ப், ஹோம், ஸ்வாப் என்று ஆறாகப் பிரித்தேன். ஹோமில் 2 ஜிபி சும்மா கிடக்கிறது, வார் நிரம்பி அப்டேட் நிற்கிறது.

ப: மாதம் ஒன்றாவது இப்படி வருகிறது. அந்த வழிகாட்டி, டெராபைட் கணக்கில் டிஸ்க் வைத்திருக்கும் சர்வர்காரருக்கு எழுதியது. ஒரு மூட்டை நெல்லுக்கு ஆறு பத்தாயம் கட்டுவார்களா?

அப்டேட்டின்போது நடப்பதைக் கவனியுங்கள். பேக்கேஜ்கள் முதலில் வாரில் உள்ள ஆப்ட் (பேக்கேஜ் நிறுவும் கருவி) கேஷில் இறங்கும். பிறகு புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆரில் பிரியும். பழைய ஃபைல் போவதற்குள் புதியதும் பக்கத்தில் வந்துவிடும். கர்னல் என்றால் பூட்டில் பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸோடு (பூட் ஆகும்போது கர்னலுக்கு முதலில் வேண்டிய ஃபைல்) இன்னொன்றும் சேரும். ஒரே பார்ட்டிஷனில் இந்த ஏற்ற இறக்கமெல்லாம் சமாளித்துப் போகும். ஆறாகக் கூறு போட்டால் ஏதோ ஒன்று முட்டும். நானும் ஒரு காலத்தில் 4 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் பூட்டுக்கு 60 எம்பி கொடுத்தவன்தான். புது கர்னல் இறங்கியது, அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் எழுத இடமில்லை. அந்தப் பிழைச் செய்தியைப் படிக்காமல் படுத்துவிட்டேன். காலையில் கர்னல் பேனிக், பூட் ஆகவில்லை.

இப்போதைக்கு ஆப்ட் கிளீன் கொடுத்து அப்டேட்டை முடியுங்கள். பிறகு பேக்கப் எடுத்துவிட்டு (எடுத்துவிட்டு!) ஒரே பார்ட்டிஷனாகப் போடுங்கள். யூஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்) இயந்திரம் என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு மட்டும் நூறு எம்பி போல விடுங்கள். ஸ்வாப்புக்கு ஜிராம் (ராமிலேயே சுருக்கி வைப்பது) போதும். ஆப்ட்டில் ரெகமெண்ட்ஸை (பரிந்துரையாகக் கூடவே வரும் பேக்கேஜ்களை) அணையுங்கள். லாக் எழுதும் ஜர்னல்டிக்கு 20 எம்பி வரம்பு வையுங்கள்.

கே: டாக் (உதவிக் குறிப்பு), லொக்கேல் (மொழி) ஃபோல்டர்களை ஆர்எம் கொடுத்து அழிக்கலாமா?

ப: அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்து நிற்கும். ஆப்ட்டின் அடியில் ஓடும் டிபிகேஜியின் செட்டிங்கில், அந்த ஃபோல்டர்களை விலக்கும் பாத்-எக்ஸ்க்ளூட் வரி எழுதுங்கள். தமிழ் லொக்கேலை விலக்கில் சேர்த்துவிட்டு, மெனு ஏன் ஆங்கிலத்தில் வருகிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.

கே: 4 ஜிபியில் ஓபன்பிஎஸ்டி (லினக்ஸ் அல்லாத யூனிக்ஸ் வகை) நிற்குமா?

ப: எக்ஸ் (கிராஃபிக்ஸ் திரை), காம்ப் (கம்பைலர்), கேம் செட்களை விட்டால் நிற்கும். ஆனால் அப்கிரேட் கட்டளையான சிஸ்அப்கிரேட் எல்லா செட்டையும் ஹோமில் இறக்கும், அது மட்டும் அரை ஜிபிக்கு மேல். பிஎஸ்டி.ஆர்டி என்ற இன்ஸ்டாலர் கர்னலில் பூட் செய்து கையால் அப்கிரேட் செய்யுங்கள்.

கே: வெறும் டிஸ்க்கிலேயே 200 எம்பி குறைகிறதே?

ப: ரூட் பயனருக்கென்று (அட்மின்) இஎக்ஸ்டி4 ஒதுக்கும் 5 சதவீதம். டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு ஒரு சதவீதமாக்குங்கள். பூஜ்யமாக்காதீர்கள்.