இங்கிலாந்தில் கூட்டமில்லாத குக்கிராமம் ஒன்றைப் பார்க்க எங்கே போகலாம்?

யாரைக் கேட்டாலும் முதலில் காட்ஸ்வோல்ட்ஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே பைபரி கிராமத்தின் பழைய கல் வீடுகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் போனால் வீடுகளைவிடச் செல்ஃபி எடுப்பவர்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், வடமேற்கே கம்ப்ரியாவில் இருக்கும் வாஸ்டேல் ஹெட்டுக்குப் போங்கள்.

வாஸ்ட்வாட்டர் ஏரியை ஒட்டிக் குறுகலான சாலை ஒன்று போகும். இங்கிலாந்திலேயே ஆழமான ஏரி அது, 79 மீட்டர். ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையே முடிந்துவிடும். சில பண்ணை வீடுகள், ஒரு விடுதி, ஒரு தேவாலயம், அவ்வளவுதான் ஊர். சுற்றிலும் மலைகள். இங்கிலாந்திலேயே உயரமான மலையான 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக்கும் பக்கத்தில்தான்.

இங்குள்ள புனித ஓலாஃப் தேவாலயத்தை யூ (yew) என்ற ஊசியிலை மரங்கள் மறைத்து நிற்கின்றன. நம் ஊர் ஓட்டு வீடு அளவுதான் இருக்கும். கூரை உத்தரங்கள் வைக்கிங் கப்பல்களிலிருந்து வந்தவை என்பது ஊர்ப்பேச்சு. ஜன்னல் கண்ணாடி ஒன்றில் நேப்ஸ் நீடில் என்ற ஊசிப் பாறையைச் சின்னதாகச் செதுக்கி, பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கும், பைபிளின் 121-ஆம் சங்கீத வரியையும் எழுதியிருக்கிறார்கள். 1886-இல் ஹாஸ்கெட் ஸ்மித் என்ற மலையேற்றக்காரர் தன்னந்தனியாக ஏறிய பாறை அது. வெளியே கல்லறைத் தோட்டத்தில் மலையேறப் போய் இறந்தவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் செம்மறி ஆடுகள். ஹெர்ட்விக் என்ற இனம். குட்டியில் கறுப்பு, வளர வளரச் சாம்பல் நிறம். எந்தப் பண்ணையின் ஆடு என்று தெரிய முதுகில் சாயக்குறி போட்டிருப்பார்கள். மேலே மேய்ச்சல் மலையில் வேலி கிடையாது. எதுவரை நம் இடம் என்பதைக் குட்டி தாயுடன் திரிந்தே பழகிக்கொள்கிறது. கீழே வயல்களைச் சுற்றிச் சாந்தில்லாமல் அடுக்கிய தடித்த கல் சுவர்கள். நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிய கற்களை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இந்த ஊர் விடுதிக்காரர் வில் ரிட்சன் 19-ஆம் நூற்றாண்டில் பொய்க்குப் பேர்போனவர். இங்கே விளையும் டர்னிப் கிழங்கைக் குடைந்து ஆட்டுக் கொட்டகையாக்கலாம் என்று அளந்துவிடுவாராம். அவர் நினைவாகப் பக்கத்து சான்டன் பிரிட்ஜில் உலகப் பொய்யர் போட்டி நடக்கிறது. அரசியல்வாதிகளும் வக்கீல்களும் கலந்துகொள்ள முடியாது. தொழில்முறை ஆட்களாம்!

கோடை வாரக்கடைசியைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்காஃபெல் பைக் ஏறுகிறவர்களின் கார்கள் நிரம்பிவிடும், சிலர் நள்ளிரவில்கூட வந்து இறங்குவார்கள். ரயிலில் வந்தால் சீஸ்கேலில் இறங்கி டாக்ஸிதான், அதையும் முன்பே சொல்லி வையுங்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம், மேப்பை முதலிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். வயல்வழியே நடக்கும்போது கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். பண்ணைக்காரர்களுக்கு அதில்தான் கோபம் வரும்.