ஒருநாள் நீங்கள், ஒருநாள் அவரா?

வாசகி கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 42 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். போன வருஷம் முதுகில் அக்கி வந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்து, எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னார்கள். ஏழு மாதமாக மருந்து சாப்பிடுகிறேன். ராத்திரி போடும் மாத்திரையால் தலை சுற்றுகிறது, பயங்கரமான கனவுகள் வருகின்றன. இத்தனை மாதமாகியும் குறையவில்லை. என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தனியார் கிளினிக்கில் டெஸ்ட் செய்ததில் அவருக்கும் இருக்கிறது. கவர்மென்ட் கிளினிக் கவுண்டரில் அவருடைய சித்தப்பா மகள் வேலை செய்கிறாள். அதனால் அங்கே வரமாட்டேன் என்கிறார். ஒருநாள் நான், ஒருநாள் அவர் என்று என் மாத்திரையையே போட்டுக்கொள்கிறோம். அவர் பங்கைப் பிளாஸ்டிக்கில் மடித்து லோரியில் வைத்துக்கொள்வார். தைப்பூசத்துக்குக் கல்லுமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருக்கிறது. விரதத்தில் வெறும் வயிற்றில் இந்த மருந்தைச் சாப்பிடலாமா? நாத்தனார் ஒரு மூலிகைப் பொடி கொடுத்திருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளலாமா? போன தடவை டாக்டர், "கிருமி இன்னும் இறங்கவில்லையே, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் எதுவும் தெரியாது. மூத்தவள் ஐந்தாம் படிவம், சின்னவனுக்கு ஏழு வயது.

பெயர் வேண்டாம், பேராக்.

பதில்:

தங்கச்சி, நீங்கள் கேட்டது மூன்று. தலைசுற்றல், விரதம், பொடி. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்களே, "ஒருநாள் நான், ஒருநாள் அவர்" என்று, அதை விட்டுவிட்டு என்னால் வேறு எதையும் பேச முடியாது.

நம் தோட்டத்துப் பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். சட்டியில் இருக்கும் குழம்பை முதலில் அவருக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு, கடைசியில் அடியில் ஒட்டியதை வழித்துத் தனக்கு என்று வாழ்ந்த அம்மாக்களின் வயிற்றில் பிறந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில்தான் மாத்திரையையும் பங்கு போட்டிருக்கிறீர்கள். சோற்றைப் பங்கு போட்டால் ஆளுக்கு அரை வயிறாவது நிரம்பும். இந்த மருந்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு ஆளுக்கான மருந்தை இரண்டு பேர் தின்றால் இரண்டு பேருக்குமே மருந்து இல்லை. அதைவிட மோசம், மருந்தை எதிர்த்து நிற்கக் கிருமிக்கு நீங்களே பழக்கம் கொடுக்கிறீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன். ராத்திரி போட்டால் தலை சுற்றும், கனவு வரும் என்கிறீர்களே, அது பெரும்பாலும் எஃபாவிரென்ஸாகத்தான் இருக்கும். பாட்டில் லேபிளைப் பாருங்கள். அதோடு டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்த இன்னொரு மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். மூன்று மருந்தும் ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் மறித்தால்தான் கிருமி அடங்கும். 1996 வாக்கில் இப்படி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த நோயில் சாவு குறைந்தது. ஒற்றை மருந்து கொடுத்த காலத்தில் கிருமி கொஞ்ச நாளிலேயே அதைத் தாண்டிக்கொண்டது. எஃபாவிரென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. நிறுத்தினாலும் அது உடம்பைவிட்டு மெதுவாகத்தான் வடியும், பல நாள் தங்கும், சிலருக்கு வாரக்கணக்கில்கூட. விட்டு விட்டுச் சாப்பிடுகிறவர் உடம்பில் துணை மருந்துகள் குறைந்துபோய், இது மட்டும் அரைகுறை அளவில் நின்றுகொண்டிருக்கும். இந்த மருந்தை வெல்லக் கிருமிக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். மாறிவிட்டால் அந்த மருந்து உங்களுக்கு மறுபடி உதவாது. அந்த மாறிய கிருமி அவரிடமிருந்து உங்களுக்கும் வரும், உங்களிடமிருந்து அவருக்கும் போகும்.

இப்போது உங்கள் தலைசுற்றலுக்கு வருவோம். எஃபாவிரென்ஸ் தொடங்கிய புதிதில் மயக்கமும் கனவும் நிறையப் பேருக்கு வரும். தினமும் தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் குறைந்துவிடும். உடம்பு அந்த மருந்தைக் கரைக்கப் பழகிக்கொள்கிறது. நீங்கள் அதைப் பழகவே விடவில்லை. ஏழு மாதமாகியும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்காக ஏழு வாரமாவது சாப்பிட்டீர்களா? தினமும் சாப்பிட்டும் தலைசுற்றல் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். டோலுடெக்ராவிர் போல இந்தத் தொல்லை குறைந்த மருந்துகள் இருக்கின்றன. ஆனால் எதற்கு மாற்றுவது என்று முடிவு செய்ய டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும்.

அதைத்தான் நீங்கள் மறைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். "கிருமி இறங்கவில்லையே" என்று அவர் கேட்டபோது தலையாட்டினீர்கள். தங்கச்சி, இதற்கு உங்களைக் கண்டிக்காமல் விடமாட்டேன். இப்போது அந்த டாக்டர் என்ன நினைப்பார்? இந்தப் பெண் தினமும் சாப்பிட்டும் மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே? அடுத்த வரிசை மருந்துக்கு மாற்றுவார். அதையும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு பேருக்குப் பிரிப்பீர்கள். மருந்து வரிசைக்கும் ஒரு முடிவு உண்டு. 42 வயதில் இரண்டு வரிசையைக் கரைத்துவிட்டு, பாக்கி வாழ்க்கைக்கு எதை வைத்துக்கொள்வீர்கள்?

சரி, வீட்டுக்காரருக்கு வருகிறேன். இந்தப் பகுதியை அவரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, கவுண்டரில் சித்தப்பா மகள் இருக்கிறாள், மானம் போய்விடும் என்கிறீர்கள். அதே கவுண்டரில்தானே உங்கள் மனைவி மாதாமாதம் அட்டையை நீட்டிவிட்டு நிற்கிறாள்? அவளுக்கு மானம் இல்லையா? அவளை முன்னால் அனுப்பிவிட்டு, அவள் வாங்கிவருவதில் பாதியை எடுத்துக்கொள்கிறீர்கள். குடும்பத் தலைவர் செய்கிற காரியமா இது? பாரத்தைச் சுமப்பவர்தான் தலைவர் என்று நம்புகிறவள் நான். அவளுடைய மருந்தைத் தொடாமல் இருப்பதும், உங்களுக்கென்று பதிந்து வாங்கிக்கொள்வதும் உங்கள் கடமை. அவள் விட்டுக்கொடுத்தாள் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். அவள் எதைத்தான் விட்டுக்கொடுக்கவில்லை?

அந்தக் கவுண்டர் வேண்டாமா, வேண்டாம். கோலகங்சாருக்குப் போங்கள், ஈப்போவுக்குப் போங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி எத்தனை தூரம்? குலை லோரியில் மில் வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறீர்கள், அதில் ஒரு நாள் போதும். முதல் வரிசை மருந்து நம் நாட்டுக்காரர்களுக்குக் கவர்மென்டில் இலவசம். அப்புறம், நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது கிளினிக்கில் வேலை செய்கிறவர்களின் கடமை. இத்தனை மாதத்தில் உங்கள் சித்தப்பா மகள் வாய் திறந்ததாக உங்கள் மனைவி ஒரு வார்த்தை எழுதவில்லை.

இந்த மருந்தை ஒருவருக்குத் தொடங்குவதற்கு முன் கிளினிக்கில் என்னென்ன பார்ப்பார்கள் தெரியுமா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், ஏனென்றால் டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லோரி ஓட்டுகிறவருக்கு இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை இதோடு சேர்த்து விழுங்கினால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் எதை எப்போது தொடங்குவது என்ற திட்டமே மாறும். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது முக்கியம். டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் அந்தக் கிருமியையும் அமுக்கும். அது உள்ளவர் மருந்தைத் திடீரென்று விட்டால் கல்லீரல் அழற்சி பொங்கி எழும், உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்கு இதில் ஒன்றாவது பார்த்திருக்கிறார்களா? இல்லை. ஆகவே இதைப் படித்த கோபத்தில் "சரி, நான் நிறுத்திவிட்டேன்" என்று வீட்டில் உட்காராதீர்கள். இந்த வாரமே டாக்டர் முன்னால் போய், எத்தனை மாதம், எப்படி எப்படிச் சாப்பிட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலை சுற்றும், தூக்கம் சொக்கும் என்று லேபிளிலேயே எச்சரிக்கிற மாத்திரையை, யாரையும் கேட்காமல் விழுங்கிவிட்டு விடியற்காலையில் பாரம் ஏற்றிய லோரியை எடுக்கிறீர்கள். தோட்டச் சாலையில் ஸ்கூல் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வருகிற நேரம் அது. உங்கள் மனைவிக்குத் தலை சுற்றவைக்கும் மாத்திரை உங்களை மட்டும் ஒன்றும் செய்யாதா? டாக்டரிடம் உங்கள் வேலையைச் சொன்னால் அதற்குத் தகுந்த மருந்தாகப் பார்த்துத் தருவார். லோரி டேஷ்போர்டில் வேகிற மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அதன் பாட்டிலிலேயே, 30 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. மதிய வெயிலில் லோரிக்குள் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும்.

மறுபடி உங்களிடம் வருகிறேன், தங்கச்சி. இன்று ராத்திரியிலிருந்து உங்கள் மாத்திரை உங்களுக்கு மட்டும்தான். தினமும், ஒரே நேரத்தில், படுக்கப் போகும்போது. ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸ் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். உங்கள் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அது தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அதுவரைக்கும் இரண்டு பேரும் ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம். இரண்டு பேருமே ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு இறங்கி, ஆறு மாதம் அப்படியே நின்றால் உடலுறவு வழியாக இது பரவாது. அந்த நிலைக்கு வர முடியும். தினமும் சாப்பிட்டால்தான்.

சின்னவனையும் டெஸ்ட் செய்யுங்கள். நம் நாட்டில் 1998 முதல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அவனைச் சுமந்தபோது உங்களுக்கும் எடுத்திருப்பார்கள். அப்போது இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் உங்களுக்கு எப்போது தொற்றியது, அவன் அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தானா என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஊசி, ஒரு பதில், முடிந்தது. 2018-இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று மேற்கு பசிபிக் வட்டாரத்திலேயே முதலாவதாக மலேசியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. உங்கள் வீட்டுக்காரர் போகக் கூசும் அதே கவர்மென்ட் கிளினிக்குகளில் சாதித்த காரியம் அது. தனக்குரிய மருந்தைத் தானே முழுசாகச் சாப்பிட்ட அம்மாக்கள் இருந்ததால் நடந்தது.

மாமியாருக்குச் சொல்வது உங்கள் விருப்பம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூத்தவள் வேறு. எஸ்.பி.எம். பரீட்சை முடியட்டும், அப்புறம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நாளைக்கு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் பாட்டிலைத் தேடி எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருத்தராவது வேண்டும். பெண் பிள்ளை என்று ஒளிக்காதீர்கள். அம்மாவின் நோயைத் தாங்கும் வயதுதான் அவளுக்கு.

விரதம் தாராளமாக இருங்கள். எஃபாவிரென்ஸை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். கொழுப்பு சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் மருந்து கூடி மயக்கமும் கூடும். பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் பொரித்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்த கையோடு போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மற்ற மாத்திரையைச் சாப்பாட்டோடும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். பால்குடம் எடுக்கிற அன்று கூட்டத்தில் மயக்கம் வராமல் நிறையத் தண்ணீர் குடியுங்கள். முந்தின ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பொடி வேண்டாம். டப்பாவில் என்ன இருக்கிறது என்று நாத்தனாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சில மூலிகைகள் இந்த மருந்துகளின் அளவையே ரத்தத்தில் குறைத்துவிடும். முகத்துக்கு முன்னால் மறுக்க முடியாவிட்டால் வாங்கிவைத்துக்கொண்டு, கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவோடு கொண்டுபோய் மருந்து கொடுக்கிறவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் குப்பையில் போடுங்கள்.