கோசி ஆற்றுக்கு ஏழு கிளைகள் உண்டா?

ஆமாம், அதனால்தான் நேபாளத்தில் அதை சப்தகோசி என்கிறார்கள். இந்திராவதி, சுன்கோசி, தாமாகோசி, லிக்கு, தூத்கோசி, அருண், தமூர் என ஏழு. முதல் ஐந்தும் சுன்கோசியாகத் திரண்டு வர, வடக்கிலிருந்து அருணும் கிழக்கிலிருந்து தமூரும் நேபாளத்தின் திரிவேணி என்ற இடத்தில் சேரும். எவரெஸ்டின் நேபாளச் சரிவில் உருகும் பனிநீர் தூத்கோசியில்தான் இறங்குகிறது.

என்னைக் கேட்டால் அருண்தான் விசேஷம். திபெத்தில் பிறந்து, மகாலு, கஞ்சன்ஜங்கா சிகரங்களுக்கு நடுவே இமயத்தையே அறுத்துக்கொண்டு வருகிறது. மலை எழும்புமுன்பே ஓடிய ஆறு என்பது புவியியலாளர் பலரின் கருத்து.

நேபாளத்தின் சத்ரா என்ற இடத்தில் மலை முடிந்ததும் கோசியின் வேகம் குறைந்து வண்டல் படிகிறது. படுகை மேடாகி ஆறு தடம் மாறுகிறது. இருநூறு ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்தது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தபோது, கைவிட்ட பழைய தடத்திலேயே பீகாருக்குள் பாய்ந்தது. கோசி பீகாரின் குர்சேலா அருகே கங்கையில் கலக்கிறது.