போனில் எல்லாம் எழுதலாம் என்றான பிறகு விசைப்பலகையில் தமிழ் டைப்பிங் கற்றுக்கொள்வதால் பலன் உண்டா?

உண்டு. நிச்சயமாக உண்டு. மன்னார்குடியில் பதினேழு வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மனு, வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூட வினாத்தாள், கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் என்று இரவு வரைக்கும் தமிழ்தான் அடிக்கிறேன். போனிலும் நாள் முழுக்க எழுதுகிறேன். இரண்டும் கையில் இருப்பதால் சொல்கிறேன்.

முதலில் வேகம், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2019இல் ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களும் சூரிச் நகரத்து இடிஎச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 37,000 பேரைப் போனில் எழுத வைத்துப் பார்த்தார்கள். சராசரி நிமிடத்துக்கு 36 சொல், இரண்டு கட்டைவிரலாலும் அடித்தவர்களுக்கு 38. அதற்கு முந்தைய வருஷம் கணினி விசைப்பலகையில் 1,68,000 பேரை வைத்து எடுத்த கணக்கு சுமார் 52. இதெல்லாம் ஆங்கில வாக்கியம் அடித்தவர்களின் கணக்கு, ஆனாலும் அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது: மேலே வரிசையாக வரும் பரிந்துரைச் சொற்களைப் பார்த்துப் பார்த்துத் தொட்டவர்களுக்கு வேகம் குறைந்திருக்கிறது. படித்துப் பார்த்து, இதுவா அதுவா என்று முடிவெடுக்க நேரம் போகிறது இல்லையா, அதுதான்.

சரி, வேகம் கிடக்கட்டும். எனக்குப் பெரிய விஷயம் கண்.

இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன் தட்டச்சு மெஷினில் லோயர் கிரேடு பரீட்சைக்குப் படித்தபோது மாஸ்டர் எங்கள் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். யளனக, யளனக என்று பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும், கீழே குனியவே கூடாது. அப்போது கோபமாக வரும். இன்றைக்கு என் எதிரில் ஒருவர் உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் கை அடித்துக்கொண்டிருக்கிறது, அவருக்கும் சொல்லத் தெம்பு வருகிறது. போனில் இது நடக்காது. போனின் கண்ணாடித் திரையில் எது க, எது ப என்று விரலுக்குத் தெரியாது, ஒவ்வொரு எழுத்துக்கும் கண் கீழே போய்த்தான் ஆக வேண்டும். விசைப்பலகையில் கையை வைத்ததும் இரண்டு ஆள்காட்டி விரலிலும் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும், கவனித்திருப்பீர்கள். தமிழ்99 என்கிற விசை அமைப்பில் இடது மேட்டில் புள்ளி, வலது மேட்டில் ப. அந்த இரண்டு மேடும் கிடைத்துவிட்டால் மிச்ச எழுத்தெல்லாம் எங்கே என்று விரலே கண்டுபிடித்துக்கொள்ளும்.

தமிழ்99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் என்ற கணினித் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்தது, அந்த வருஷமே தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, வ, ங இரண்டைத் தவிர மெய்யெல்லாம் வலது கைக்கு. தமிழில் மெய், உயிர், மெய், உயிர் என்று மாறி மாறித்தானே வருகிறது, அதனால் கையும் மாறி மாறி விழும், தறியில் நாடா போய் வருகிற மாதிரி. ஒரே எழுத்தை இரண்டு தரம் அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பிறகு க, ஞ-வுக்குப் பிறகு ச என்று இனவெழுத்து வந்தாலும் அப்படியே. அம்மாவுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. தஞ்சாவூருக்கு எட்டு, ஆங்கில எழுத்தில் ஒலிக்கு ஒலி அடித்தால் பத்துப் பதினொன்று ஆகும். பழைய மெஷினில் 'கொ' வேண்டுமென்றால் கொம்பை முதலில் அடித்து, அப்புறம் க, அப்புறம் கால் போட வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். தமிழ்99இல் வாயால் சொல்கிற வரிசையில் க, ஒ, அவ்வளவுதான். மெஷினிலிருந்து இதற்கு மாற எனக்கு ஒரு மாதம் ஆனது.

இதே தமிழ்99ஐப் போனிலும் போட்டுக்கொள்ளலாம், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அத்தனை எழுத்தும் அந்த அகலத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் கட்டம் சிறுத்துவிடுகிறது, இரண்டு கை மாறி மாறி விழும் சுகமும் அங்கே இல்லை. அதனால் பெரும்பாலானவர்கள் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டு விஷயம், வாட்ஸப் என்றால் அது போதும். மனு என்று வரும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு தை மாதம், அறுப்புக்கு இருந்த நேரத்தில் மழை பிடித்து பயிரெல்லாம் சாய்ந்துவிட்டது. ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். பேரன் போனில் மனு எழுதி அனுப்பியிருக்கிறான், பிரிண்ட் மட்டும் எடுத்தால் போதும் என்றார். எடுப்பதற்கு முன்னால் நான் எப்போதும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். "எனக்குச் சொந்தமான ஆறு மாதம் தள்ளுபடி மழையில் மூழ்கி" என்று இருந்தது. "ஐயா, இது என்ன?" என்றேன். "ஆறு மா தாளடிம்மா, ஆறு மா" என்றார் அவர், குரலே மாறிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே நிலத்தை மா கணக்கில்தான் சொல்வோம், மூன்று மா ஒரு ஏக்கர், அவருடையது இரண்டு ஏக்கர். தாளடி என்பது குறுவை அறுத்த வயலில் அடுத்து நடுகிற நெல். பேரன் சரியாகத்தான் அடித்திருக்கிறான். 'ஆறு மா' என்றதும் போன் 'மாதம்' என்று முடித்திருக்கிறது, தாளடிக்குப் பதிலாகத் தள்ளுபடியை எடுத்து வைத்திருக்கிறது, அவசரத்தில் அவன் பார்க்கவில்லை. பெரியவருக்குக் கண் புரை. அப்படியே அலுவலகத்தில் கொடுத்திருந்தால் பயிர் நிவாரணம் கேட்டவர் கடன் தள்ளுபடி கேட்டவராக ஆகியிருப்பார்.

தாளடிக்குத் தமிழ்99இல் ஐந்தே தட்டு: த, ஆ, ள, ட, இ. அந்த ஐந்தையும் அடித்தால் தாளடிதான் வரும், வேறு எதுவும் வராது. ல கீழ் வரிசையில், ள மேல் வரிசையில், ழ கீழ் வரிசைக் கோடியில் சுண்டுவிரலுக்கு என்று மூன்றுக்கும் மூன்று இடம் இருப்பதால், எந்த எழுத்து என்று நான்தான் முடிவு செய்கிறேன். போன் விசைப்பலகை பல பேர் அடிக்கடி எழுதும் சொல்லை முன்னால் வைக்கிறது, கண்ணாடியில் விரல் எங்கே விழும் என்று தெரியாததால் ஊகித்துத்தான் ஆக வேண்டும், அது அதன் வேலை. ஆனால் மா, தாளடி, மடை, கன்னி வாய்க்கால் எல்லாம் எங்கள் பக்கத்து வயல்காரர்கள் வாயில் அதிகம் புழங்குகிற சொற்கள், ஊகத்தில் முதலில் அடிபடுவது அவைதான். அந்தச் சொற்களை அப்படியே எழுத ஒரு வழி இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

போன் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது, இன்னும் ஒரு வெயில் காயப்போடணும் என்று அண்ணன் எனக்கு அனுப்புவது போனில்தான், அங்கே நின்றுகொண்டு கணினியா தேடுவார்? ஒற்றைக் கையில் எழுதலாம், படம் எடுத்துச் சேர்க்கலாம். கையில் சேறும் திரையில் தூறலும் இருந்தால்தான் சிக்கல், அந்தத் திரை, விரல் பட்டதும் தன் மின்புலத்தில் உண்டாகும் மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தை அறிகிறது, தண்ணீர்த் துளி பட்டாலும் விரல் பட்டதாக நினைத்துக்கொள்ளும். அப்போது அண்ணன் பேசியே அனுப்பிவிடுவார்.

நாலு வரிக்கு மேல் எழுதுவதாக இருந்தால், கையெழுத்துப் போட்டு ஓர் இடத்தில் கொடுப்பதாக இருந்தால், விசைப்பலகைக்கு வாருங்கள். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் விண்டோஸ் மொழி அமைப்பிலேயே தமிழ்99 இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். தினம் அரைமணி நேரம், முதல் வாரம் நடு வரிசை மட்டும்: இடது கையில் அ, இ, உ, புள்ளி, வலது கையில் க, ப, ம, த, ந. இதை வைத்தே தம்பி, பத்து, பந்து, முகம், நகம், தகுதி, பகுதி, குப்பம் எல்லாம் கையை நகர்த்தாமல் அடிக்கலாம். விசை மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒட்டினால் கண் கீழேயே நிற்கும். எழுத்துப் படத்தை எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். மேல் வரிசையை இரண்டாவது வாரம் தொடுங்கள், ஔ-வையும் ங-வையும் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.